மூடியும் மூடாத ஆலைகள்

ஐதராபாத் மாநகரில் மியாப்பூரை அடுத்து ஒரு நாற்சந்தி இருக்கிறது. அதற்கு ஆல்வின் சந்திப்பு என்று பெயர். கூகட்பல்லிப் பகுதியிலோ ஆல்வின் காலனி என்றே ஒரு குடியிருப்பு வளர்ந்து நிற்கிறது. இப்பெயரைக் கேட்கும் இளைஞர், யாரோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் போலும் என்று எண்ணக்கூடும். உண்மையில் அது ஒரு கம்பெனியின் பெயர். ஒரு காலத்தில் இந்நகரத்துப் பேருந்துகளுக்கு உடல் கட்டியும், வீடுகளுக்குக் குளிர்பெட்டியும் எஃகு அலமாரியும் கைக்கடிகாரமும் செய்து தந்தும் புகழோடு விளங்கிய கம்பெனி அது. இன்று கம்பெனி இல்லை. பெயர் மட்டும் தெருவில் நிற்கிறது.

கம்பெனி போனபின் பெயர் என்னவாயிற்று என்பது எளிதில் விளங்குகிறது. அங்கே உழைத்தவர்கள் என்னவானார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்து, ஒரு தொழிற்சாலையின் சங்கொலியை நம்பிக் குடித்தனம் அமைத்த நம் போன்ற குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டு வரலாறு அன்று, வீட்டு வரலாறு. அதிலும், இருவர் கூடிப் பங்கிட்டு நடத்தும் கூட்டுக் கம்பெனி ஒன்று கலையும்போது ஊழியரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கூட்டுத் தொழிலின் பிறப்பு

நிஜாம் இராஜ்யத்தில் பெருந்தொழில்கள் தோன்றிய முறையே கூட்டு முறைதான். 1929ஆம் ஆண்டில் நிஜாம் அரசாங்கம் ஒரு கோடி ரூபாய் மூலதனத்தோடு தொழில் அறநிதி ஒன்றை நிறுவியது. தனியார் முதலாளி ஒருவர் தொழில் தொடங்க முன்வந்தால், அரசாங்கம் இந்நிதியிலிருந்து பங்கு வாங்கித் துணை நிற்கும். முதலாளிக்கு மூலதனக் கவலை குறையும். அரசாங்கத்துக்கு நாட்டில் தொழில் பெருகும். வாரங்கல்லில் 1934இல் ஆஜம் ஜாஹி நெசவாலை எழுந்தது. மஞ்சீரா ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்ற நிஜாம்சாகர் நீர்த்தேக்கத்தின் பாசனத்தில் கரும்பு விளைந்தது; அக்கரும்பை நம்பி 1937இல் போதனில் நிஜாம் சர்க்கரை ஆலை தோன்றியது. ஆசியாவிலேயே பெரியது என்று அந்நாளில் போற்றப்பட்ட ஆலை அது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குச் சக்கர்நகர் என்றே பெயரிட்டனர்.

1942இல் அத்தொழில் நிதியும் அலாவுதீன் கம்பெனியாரும் கூட்டாகத் தொடங்கியதே ஐதராபாத் ஆல்வின் உலோகத் தொழிற்சாலை. ஒரு பக்கம் அரசாங்கம், மறு பக்கம் வணிகக் குடும்பம். கூட்டுக்கு ஒரு பலம் உண்டு. இருவர் தோள் கொடுத்தால் சுமை இலேசாகும். ஒரு பலவீனமும் உண்டு. தொழில் செழிக்கும்போது இருவரும் சொந்தக்காரர். தொழில் தேயும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவர். இடையில் நிற்கும் ஊழியனுக்கோ, தன் உண்மையான எசமானர் யார் என்பதே விளங்காது போகும்.

சட்டம் கண் திறந்த கதை

ஆலை மூடினால் தொழிலாளிக்கு நட்டஈடு கிடைக்கும் என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அது தொடக்கத்திலிருந்தே இருந்த உரிமை அன்று. 1947இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. 1953இல் அதில் ஒரு திருத்தம் செய்து, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு, அவன் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் நட்டஈடாகத் தரவேண்டும் என்று விதித்தார்கள்.

அப்பொழுது பார்சி இலகு ரயில்வே என்னும் கம்பெனியின் வழக்கு எழுந்தது. 1954ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ரயில்வேயை இந்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி தன் ஊழியரை விடுவித்தது. அவர்கள் நட்டஈடு கோரினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1956 நவம்பர் 27ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆட்குறைப்பு என்பது நடந்துகொண்டிருக்கும் தொழிலில் மிகையான ஆட்களை நீக்குவதே. தொழிலே முடிந்துபோனாலும் கைமாறினாலும் அது ஆட்குறைப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, 10 பேரை நீக்கினால் நட்டஈடு உண்டு. ஆலையையே மூடி அனைவரையும் வெளியேற்றினால் இல்லை!

இந்த இடைவெளியைப் பாராளுமன்றம் 1957இல் அடைத்தது. தொழில் கைமாறும்போது ஒரு விதி, மூடும்போது மற்றொரு விதி என இரண்டு விதிகள் சேர்க்கப்பட்டன. அவ்விதிகள் தீர்ப்புக்கு மறுநாளாகிய 1956 நவம்பர் 28 முதலே நடப்புக்கு வந்தனவாகக் கொள்ளப்பட்டன. வழக்காடியவர் பெறாத உரிமையை அவருக்குப் பின் வந்தவர் பெற்றனர். 'நட்டம் வந்தது, சரக்கு தேங்கியது, ஆகையால் மூடினோம்' என்று கூறி முதலாளி நட்டஈட்டைக் குறைத்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தரவில்லை. இவ்விதிகளின் சாரம் 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 20 ஆண்டு உழைத்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் வீதம் 300 நாள் ஊதியம், அதாவது ஏறத்தாழப் 10 மாதச் சம்பளம் நட்டஈடாகும். 1972இல் வந்த பணிக்கொடைச் சட்டத்தின் முறைப்படி மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட்டால், அதே 20 ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொன்றரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகும். இவற்றோடு சேமநிதித் தொகை தனி. பெருஞ்செல்வம் அன்று, ஆயினும் பிள்ளைகளின் படிப்பைத் தொடரவும், ஒரு சிறு கடை வைக்கவும், வேறு வேலை தேடும்வரை அடுப்பெரியவும் போதுமான ஊன்றுகோல். அந்த ஊன்றுகோல் கைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு கம்பெனி, பல விதிகள்

ஆல்வின் கம்பெனியின் பிற்காலம் இதற்கு நல்ல சான்று. 1969இல் அது ஆந்திரப் பிரதேச அரசாங்கத்தின் ஆளுகைக்குள் வந்தது. எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்களோடு கைகோத்தது. ஸெய்கோவின் தொழில்நுட்பத்தோடு கைக்கடிகாரம் செய்தது. நிஸ்ஸானோடு கூடி ஜஹீராபாதில் இலகு சரக்கு வண்டி செய்யத் தொடங்கியது. வெளியே பார்க்கும்போது வளர்ச்சி. உள்ளே கடன் பெருகிற்று. தொண்ணூறுகளில், நலிந்த தொழில்களைச் சீரமைக்கும் மத்திய வாரியத்தின் முன் கம்பெனியின் கணக்கு விரிக்கப்பட்டது.

முடிவில் கம்பெனி பிளவுண்டது. குளிர்பெட்டிப் பகுதி 1994இல் வாரியத்தின் ஒப்புதலோடு வோல்டாஸ் கம்பெனியில் இணைந்தது. சரக்கு வண்டிப் பகுதியை அதற்கு முன்னரே மகிந்திரா கம்பெனியார் ஏற்றிருந்தனர். ஜஹீராபாத் ஆலை இன்றும் மகிந்திராவின் பெயரால் இயங்குகிறது. கடிகாரப் பகுதியை ஏற்று நடத்த வலிய கை எதுவும் வரவில்லை. ஒரு காலத்தில் மணமகனின் மணிக்கட்டை அலங்கரித்த ஆல்வின் கடிகாரம் சந்தையிலிருந்து மறைந்தது.

ஒரே கம்பெனியின் பெயரைச் சட்டையில் தாங்கியவர்கள். ஒரே சங்கொலிக்கு எழுந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆயினும் ஒருவர் வண்டிக் கொட்டகையில் நின்றார், மற்றொருவர் கடிகார மேசையில் அமர்ந்தார் என்பதே இருவர் வாழ்வையும் வெவ்வேறு திசையில் செலுத்திவிட்டது. திறமையும் உழைப்பும் அங்கே அளவுகோலாகவில்லை. எந்தப் பகுதியை யார் ஏற்றார் என்பதே அளவுகோலாயிற்று.

ஏற்பவர் வந்தால் ஊழியருக்கு வழி பிறக்கும் என்பதை இதனால் அறிகிறோம். ஆனால் ஏற்கும் உடன்படிக்கையில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். வேலையில் முறிவு இருத்தலாகாது. முன்னைய சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் குறைவு கூடாது. பழைய கம்பெனியில் உழைத்த ஆண்டுகளும் பிற்காலத்தில் நட்டஈட்டுக் கணக்கில் சேர வேண்டும். 1957இன் விதி இம்மூன்றையும் தெளிவாகச் சொல்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பழைய எசமானரே நட்டஈடு தரக் கடமைப்பட்டவர்.

போதன் ஆலையின் கதை

இனி, மிகவும் துயரம் தருவதாகிய நிஜாம் சர்க்கரை ஆலைக்கு வருவோம். அது நெடுங்காலம் அரசாங்க உடைமையாக இருந்தது. 2002இல் அரசாங்கம் அதனைக் கூட்டு நிறுவனமாக மாற்றிற்று. நூற்றுக்கு 51 பங்கு டெல்டா காகித ஆலைக் கம்பெனியின் கையில். 49 பங்கு அரசாங்கத்தின் கையில். நிஜாம் டெக்கான் சுகர்ஸ் என்பது புதுப்பெயர். போதன், மெட்பல்லியை அடுத்த முத்யம்பேட்டை, மேதக் ஆகிய மூன்று ஆலைகள் அதன் வசமாயின. ஆட்சி மாறியபோதெல்லாம் இவ்வேற்பாடு சரியா, தவறா என்ற விவாதம் எழுந்தது. சட்டசபைக் குழுவும் ஆராய்ந்தது. 2014இல் தெலங்கானா மாநிலம் பிறந்தபோது, ஆலையை அரசே மீட்கும் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

2015 டிசம்பரில் மூன்று ஆலைகளிலும் லே-ஆஃப் அறிவிக்கப்பட்டது. லே-ஆஃப் என்னும் இச்சொல்லைக் கவனிக்க வேண்டும். அது மூடுதல் அன்று. இப்போதைக்கு வேலை இல்லை என்று சொல்லி நிறுத்திவைத்தல். கரும்பு விளைவித்த குடியானவர் அக்கரும்பை வேறு ஆலைக்கு அனுப்பினர் அல்லது வேறு பயிருக்கு மாறினர். ஆலைத் தொழிலாளி எங்கே மாறுவான்? வேறு வேலைக்குச் சென்றால் பழைய வேலையை விட்டதாகக் கணக்காகுமோ என்ற அச்சம்; குடியிருப்பைக் காலி செய்தால் பாக்கியைக் கேட்கும் பலம் போய்விடுமோ என்ற ஐயம்; என்றாவது ஆலை திறக்கும் என்ற நம்பிக்கை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்னும் நிலை.

பின்னர் கம்பெனியின் கடன் வழக்கு ஐதராபாதிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. ஆலையை ஏற்று நடத்தத் தக்கவர் எவரும் வராமற் போகவே, 2019 ஜூனில் கம்பெனியைக் கலைத்துக் கணக்குத் தீர்க்குமாறு ஆணை பிறந்தது. 2024 ஜனவரியில் புதிய அரசாங்கம் ஆலையை மீண்டும் இயக்கும் வழியை ஆராய அமைச்சர் குழு ஒன்றை அமைத்தது. 2015இல் நாற்பது வயதில் இருந்தவருக்கு இந்த ஆண்டுகள் மீளா ஆண்டுகள். கூட்டாளிகளுள் ஒருவர் மற்றவரைச் சுட்டலாம். வங்கி தன் ஈட்டைச் சுட்டலாம். தொழிலாளி சுட்டிக் காட்ட அவன் வயதைத் தவிர வேறொன்றும் இல்லை.

நோய்க்குப் பெயரிடுவோம்

இவ்விரு கதைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஊழியனை மிகுதியாக வருத்துவது ஆலையின் சாவு அன்று. ஆலை சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்னும் இடைநிலையே. முறைப்படி மூடினால் அன்றே நட்டஈட்டு உரிமை பிறக்கிறது. முறைப்படி கைமாறினால் வேலை தொடர்கிறது. இரண்டும் இன்றி இழுபட்டால் உரிமையும் பிறப்பதில்லை, ஊதியமும் வருவதில்லை.

தொழிலாளியைக் காக்க வந்த விதியே சில வேளைகளில் இந்த இழுபறிக்கு இடமாவதும் உண்டு. 1976இல் பெரிய ஆலைகளை மூட அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்று விதித்தார்கள். 1978இல் சுப்ரீம் கோர்ட்டு அதனைச் செல்லாது என்றது. 1982இல் திருத்திய வடிவில் மீண்டும் இயற்றப்பட்டது. முதலில் 300 பேர் உழைக்கும் ஆலைக்கு என்றிருந்த வரம்பு பின்னர் 100 ஆயிற்று; புதிய சட்டத் தொகுப்பில் மறுபடியும் 300 ஆகியிருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அனுமதி கேட்கவும் மனமின்றி, நடத்தவும் பணமின்றி, கதவைச் சாத்திவிட்டுக் காலம் கடத்துவோர்க்கு எதிராக அவ்விதி எளிதில் கைகொடுப்பதில்லை.

கடன்பட்டுக் கலையும் கம்பெனிகளுக்கு 2016இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி, கலைப்புக்கு முந்திய 24 மாதங்களுக்கான தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். சேமநிதியிலும் பணிக்கொடை நிதியிலும் தொழிலாளிக்கு உரிய தொகை கலைப்புச் சொத்தில் சேராது. அதில் கடன்காரர் கை வைக்க முடியாது. இவை பெரும் பாதுகாப்புகள். ஆயினும் இரண்டு செய்திகளை நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி' வேறு, 'ஊழியர்' வேறு. மேலாளர், நிர்வாகப் பொறுப்பாளர், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் பெறும் மேற்பார்வையாளர் ஆகியோர் தொழிலாளி ஆகார். அவர்களுடைய பாக்கி 12 மாதத்துக்கு மட்டுமே. அதுவும் அடுத்த வரிசையில்தான். தமிழகத்திலிருந்து இங்கு வந்து இத்தகைய பதவிகளுக்கு உயர்ந்தோர் நம்மிடையே பலர். பதவி உயர்வு சம்பளத்தை உயர்த்துகிறது; கலைப்பு நாளில் அதுவே வரிசையைத் தாழ்த்துகிறது.

இரண்டாவது, 2022 ஏப்ரலில் ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பு. கம்பெனியின் கதி ஆராயப்படும் காலத்தில் ஆலை உண்மையில் ஓடி, தொழிலாளியும் உண்மையில் உழைத்திருந்தால் மட்டுமே அக்காலத்துச் சம்பளம் செலவினத்தில் முதலிடம் பெறும். வாயிலில் காத்திருந்ததற்கு அம்முதலிடம் இல்லை. காத்திருப்பு உழைப்பாகக் கணக்கில் ஏறாது என்பது இதன் பொருள். காத்திருந்து மூப்படைந்தவனுக்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்லை.

மறைமலைநகர் காட்டும் மாற்றுவழி

சென்னையை அடுத்த மறைமலைநகரின் ஃபோர்டு மோட்டார் ஆலையையும் இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். அதுவும் 1995இல் மகிந்திரா – ஃபோர்டு கூட்டாகத் தொடங்கியதே. ஆனால் சில ஆண்டுகளிலேயே ஃபோர்டு பெரும்பங்கைத் தன்னதாக்கிக்கொண்டது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் மோட்டார் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக அது அறிவித்தது. 2022இல் மறைமலைநகரில் கடைசி வண்டி வெளிவந்தது. தொழிலாளர் மறியல் செய்தனர். சங்கத்தார் பல மாதம் பேசினர். இறுதியில் சட்டம் கூறும் ஆண்டுக்கு 15 நாள் என்னும் அளவைவிடப் பன்மடங்கு மிகுந்த தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது. பணம் வேலைக்கு ஈடாகாது. வேலை இழந்த துயரம் அங்கும் துயரமே. ஆயினும் முடிவு நாள் இன்னது, பொறுப்பாளி இன்னார், தொகை இவ்வளவு என்ற மூன்றும் அங்கே தெளிவாயிருந்தன. போதனில் இம்மூன்றும் தெளிவாகவில்லை.

கூட்டு என்பதே தீது என்று நாம் கூற வரவில்லை. ஆல்வினின் குளிர்பெட்டிப் பகுதியை ஏற்ற வோல்டாஸே, டாட்டாவும் வோல்கார்ட்டு சகோதரர் கம்பெனியும் 1954இல் கூடித் தொடங்கிய நிறுவனந்தான், இன்றும் வாழ்கிறது. கூடும் நாளில் இலாபத்தைப் பங்கிடும் விகிதத்தை எழுதுபவர்கள், பிரியும் நாளில் ஊழியரின் பாக்கியை யார் எந்த விகிதத்தில் தருவது என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தாலி கட்டும் நாளில் பிரிவைப் பேசலாகாது என்பர். தொழில் திருமணத்தில் அதைப் பேசாமல் விடுவதுதான் பிழை.

நாம் செய்யத் தக்கவை

கூட்டாளிகளின் உடன்படிக்கையை நாம் எழுத இயலாது. நம் பெட்டியில் உள்ள காகிதங்களை நாம் காக்க இயலும். நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், மாதந்தோறும் தரும் சம்பளச் சீட்டு, கம்பெனி கைமாறிய போது வந்த சுற்றறிக்கை ஆகியவற்றைப் பத்திரமாக வைத்தல் வேண்டும். பழைய எசமானரிடம் உழைத்த ஆண்டுகளைப் புதிய எசமானர் ஏற்கிறார் என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். சேமநிதிப் பணம் மாதந்தோறும் கணக்கில் ஏறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். அது நிற்கும் மாதமே கம்பெனியின் நாடி தளரும் மாதம் என்று கொள்ளலாம். கலைப்பாளர் நியமனமாகி அறிவிப்பு வெளிவந்தால், குறித்த நாளுக்குள் சான்றோடு உரிமைக் கோரிக்கை தர வேண்டும். தானே வரும் என்று இருந்துவிடலாகாது. தனித்தனியே அலைவதைவிட, ஊழியர் அனைவர் சார்பிலும் ஒருவர் கோரிக்கை தருவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நின்றுபோன ஆலையின் வாயிலில் எத்தனை காலம் காத்திருப்பது என்பதைக் குடும்பத்தோடு கூடி முடிவு செய்ய வேண்டும். கோரிக்கையை விடாமல் நடத்துவது வேறு. வேறு வேலை தேடாமல் இருப்பது வேறு. முன்னது உரிமை, பின்னது இழப்பு. வேறிடத்தில் பிழைப்புத் தேடிக்கொண்டதனால், அதுவரை உழைத்துச் சேர்ந்த சம்பளப் பாக்கியும் பணிக்கொடையும் சேமநிதியும் அழிந்துவிடா.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மூடிய ஆலையின் நிலத்துக்கும் இரும்புக்கும் அந்தப் பழமொழி பொருந்துகிறது. வாரங்கல்லில் 2002இல் மூடப்பட்ட ஆஜம் ஜாஹி ஆலையின் நிலத்தில் வீட்டு மனைகள் எழுந்தன. யானையைப் பேணிய பாகனுக்கும் அந்தப் பொன்னில் பங்கு உண்டு என்று 1957 முதல் சட்டம் சொல்லி வருகிறது. அப்பங்கு காலத்தில் கிடைக்கவும், கிடைக்கும்வரை வேலையிழந்த வீட்டை அண்டை வீடுகள் தாங்கி நிற்கவும் சங்கம் போன்ற அமைப்புகள் துணை செய்தல் வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, உறவின் முறையாகவும் ஊர்ப் பொதுவாகவும் இருப்பது சங்கமே அன்றோ? விழா நாளில் கூடும் கைகள் வேலையற்ற நாளிலும் கூடுமாயின், எந்த ஆலையின் கதவு சாத்தப்பட்டாலும் நம் வீட்டு விளக்கு அணையாது.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!